சைக்கிளும் சம்பளமும்

சில ஆண்டுகளாக நம் வீடுகளில் மூன்று புதிய பெயர்கள் புழங்குகின்றன: பி40, எம்40, டி20. பிள்ளையின் உபகாரச் சம்பள மனுவை நிரப்பும்போதும், அரசாங்க உதவித் தொகைக்குப் பதியும்போதும், "நாம இதுல எதுல வர்றோம்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நாட்டிலுள்ள குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தி, அடியில் இருக்கும் 40 விழுக்காட்டினரை பி40 என்றும், நடுவில் இருக்கும் 40 விழுக்காட்டினரை எம்40 என்றும், மேலே இருக்கும் 20 விழுக்காட்டினரை டி20 என்றும் பிரித்திருக்கிறார்கள்.

உதவியைப் பங்கிட இப்படி ஓர் அளவுகோல் தேவைதான். ஆனால் மெல்ல மெல்ல அதுவே நம் அடையாளமாகவும் ஆகி வருகிறது. "அவங்க டி20 ஆளுங்க" என்று திருமண மண்டபத்தில் காதோடு காதாகச் சொல்கிறார்கள். "நாங்கெல்லாம் பி40" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நண்பரின் சிரிப்பில் கொஞ்சம் வலியும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஏற்றத்தாழ்வை மாத வருமானம் என்ற ஒரே எண்ணில் அடக்கிவிட முடியுமா?

அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே நான் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படித்தபோது, சமூகவியல் ஒரு பாடமாக இருந்தது. கார்ல் மார்க்ஸ், மேக்ஸ் வெபர், எமில் டர்க்ஹைம் என்று மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மூவரும் ஐரோப்பியர்கள். நம் பால்மரக்காட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதியதைக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, என் வீட்டுக் கதையே எனக்குக் கொஞ்சம் தெளிவாகப் புரிந்தது.

யாருக்குச் சொந்தம்?

மார்க்ஸ் ஏங்கெல்சுடன் சேர்ந்து கம்யூனிஸ்ட் அறிக்கையை வெளியிட்டது 1848இல். 'மூலதனம்' முதல் தொகுதி வந்தது 1867இல். வர்க்கம் என்று அவர் சொன்னதைச் சம்பளத்தின் அளவு என்று புரிந்துகொண்டால் தவறாகிவிடும். அவர் கேட்ட கேள்வி வேறு. நிலம், இயந்திரம், ஆலை யாருக்குச் சொந்தம்? யாரிடம் உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இல்லை? இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் சரித்திரத்தை நகர்த்துகிறது என்றார்.

என் பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 ஆண்டுகள் பால் மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மதியம்வரை மரத்தோடு மரமாக இருந்து, பால் வாளியைச் சுமந்து வந்தவர். அவர் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகை, குழாய்த் தண்ணீர், மாரியம்மன் கோயில் நின்ற நிலம் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். ரப்பர் விலை ஏறிய மாதங்களில் அவர் கையில் பட்டணத்துக் கடைச் சிப்பந்தியைவிட நாலு காசு கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனால் வேலை முடிந்த அன்று வீடும் முடிந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கதை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நடந்தது. இன்றைய ஷா ஆலாம் நகரம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயாவில் யு.எஸ்.ஜே. என்று நாம் சொல்லும் இடம் சீபீல்ட் தோட்டம். மரங்கள் விழுந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது நிலத்தின் விலை பல மடங்கு ஏறியது. அந்த ஏற்றம் நிலம் யாருடையதோ அவர்களுக்குப் போனது. மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்கள் ஊழியர் சேமநிதியில் சேர்ந்திருந்த சொற்பத் தொகையோடு வெளியே வந்து, வாடகை வீடு தேடினார்கள்.

பாட்டியும் பட்டணத்துச் சிப்பந்தியும் வருமானப் பட்டியலில் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். வேலை போனால் கூரையும் போகும் என்ற பயம் ஒருவருக்கு மட்டும் உண்டு. மார்க்சின் கேள்வியைக் கேட்டால்தான் அந்தப் பயம் கணக்கில் வரும்.

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தொழிலாளிகளே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூலி உயர்வு கேட்பதோடு நிற்காமல் நிலத்தையே கேட்ட முயற்சி அது. இன்று பிரிக்பீல்ட்சின் நடுவே ஓடும் சாலைக்கு அவர் பெயர்தான். பூமாலையும் பலகாரமும் வாங்க அந்தச் சாலையில் நடக்கும்போது, அந்தப் பத்து வெள்ளியை நான் நினைப்பதுண்டு.

கிராணி எந்தப் பக்கம்?

மார்க்சின் அளவுகோலில் ஒரு சிக்கல் உண்டு. மூலதனம் மூன்றாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பே 'வர்க்கங்கள்'. அதை அவர் முடிக்கவில்லை. ஓரிரு பக்கத்திலேயே கைப்பிரதி நின்றுவிட்டது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1894இல், ஏங்கெல்ஸ் அதை அப்படியே வெளியிட்டார். முடிக்காத அந்த இடத்தில்தான் நம் கிராணி நிற்கிறார்.

கிராணியும் சம்பளக்காரர். அவருக்கும் தோட்டத்தில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. அவர் குடியிருந்த வீடும் கம்பெனி வீடு. மார்க்சின் கணக்குப்படி அவர் பால்மரம் வெட்டியவரின் பக்கம் நிற்க வேண்டியவர். ஆனால் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் தெரியும், கிராணி வீட்டு வாசலும் லயத்து வாசலும் ஒன்றில்லை.

இங்கேதான் வெபர் வருகிறார். அவர் 1920இல் இறந்த பிறகு, 1922இல் வெளியான 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்ற பெரிய நூலில் ஏற்றத்தாழ்வை மூன்றாகப் பிரிக்கிறார். ஒன்று வர்க்கம்: சந்தையில் நம்மிடம் விற்க என்ன இருக்கிறது என்பது. சொத்து மட்டுமின்றிப் படிப்பும் திறமையும் இதில் அடங்கும். இரண்டாவது அந்தஸ்து: மற்றவர்கள் நமக்குத் தரும், அல்லது தர மறுக்கும் மதிப்பு. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், யார் வீட்டில் பெண் எடுக்கிறோம், எப்படி வாழ்கிறோம் என்பதில் அது தெரியும். சாதியை அவர் இந்த அந்தஸ்தின் முற்றிய வடிவமாகப் பார்த்தார். மூன்றாவது கட்சி: அதிகாரத்தில் பங்கு கேட்க மனிதர்கள் கூடி அமைக்கும் அமைப்பு. மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று சொல்ல முடியாது.

பிரிக்பீல்ட்சைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், இனிச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு இரண்டு வகைத் தமிழர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்தின் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் அமர்ந்தார்கள். ஆங்கிலம் என்பது சந்தையில் விலைபோகும் சரக்கு. அதுதான் வெபர் சொன்ன வர்க்கம்.

இரு தரப்புக்கும் மொழி ஒன்று, கும்பிட்ட முருகனும் ஒருவன். ஆனால் சங்கம் வேறு, கோயில் வேறு, சம்பந்தம் வேறு. இதை எந்தச் சமூகத்தின் மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆளெடுக்கும்போதே ஆங்கிலேயர்கள் அப்படிப் பிரித்து எடுத்தார்கள். பதவிக்கேற்ற வீடு கொடுத்தார்கள். 1904இல் யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய விவேகானந்தா ஆசிரமம் பின்னாளில் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நன்மை செய்திருக்கிறது. நான் சொல்ல வருவது, ஒரே ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர்களுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது, அந்தக் கோட்டைச் சம்பளப் பட்டியலில் மட்டும் தேடினால் முழுதும் கிடைக்காது என்பதுதான்.

அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மாமா மகளுக்கு ஒரு வரன் வந்தது. அவள் தாதி. மாப்பிள்ளைக்குக் கணினித் துறையில் வேலை. இருவர் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. இரு குடும்பமும் தாமானில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள். அரசாங்கக் கணக்கில் இரண்டும் எம்40. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க வேலைக்குப் போனீங்களாம்மா?" என்று என் அத்தையைக் கேட்டார்கள். அத்தை மறைக்காமல், "பள்ளிக்கூடத்துல துப்புரவு வேலை, இருபத்திரண்டு வருஷம்" என்றார். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. அந்த ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவர்கள் பெண் பார்க்கவே வந்திருந்தார்கள்.

அத்தை அன்றிரவு அழவில்லை. "அந்த வேலையிலதான் இவள படிக்க வெச்சேன்" என்று மட்டும் சொன்னார். பணம் உடனே மதிப்பாக மாறிவிடாது, நாள்பட்டுத்தான் மாறும் என்று வெபர் எழுதியிருக்கிறார். அந்த 'நாள்பட்டு' என்பதற்குள் எத்தனை அத்தைகள்!

கிள்ளான், 1941

மார்க்சா, வெபரா என்று கேட்டால், எனக்குக் கிடைத்த நல்ல பதில் எந்தப் பாடநூலிலும் இல்லை. அது கிள்ளானில் இருக்கிறது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களை ஒன்று திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். முன்னே நின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். வெபர் சொன்ன மூன்றாவது அம்சமான அமைப்பு, அப்போது நம் ஆட்களுக்கு முதல்முறையாகச் சரியாக அமைந்தது என்று சொல்லலாம்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தர வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்த வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் துரைமாரும் அவர்களைப் போலவே நடந்துகொள்ளும் 'கறுப்பு ஐரோப்பியர்களும்' தவறாக நடப்பது நிற்க வேண்டும். சங்கம் வைக்க உரிமை வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. ஏறியபடியே போக அனுமதி வேண்டும்.

முதல்முறை இதைப் படித்தபோது அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அரைவயிற்றுக்கு உழைத்தவர்கள், வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்தே தெருவுக்கு வந்தவர்கள், கூலிக்கும் மருந்துக்கும் சமமாக ஒரு சைக்கிளைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போனால் யாருக்கும் ஒரு காசு கூடப் போவதில்லை. ஆனால் இறங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும், நீ தாழ்ந்தவன் என்பது அவன் உடம்பாலேயே சொல்ல வைக்கப்படுகிறது. கூலி மார்க்சின் கேள்வி, சைக்கிள் வெபரின் கேள்வி. இருவரையும் படிக்காத அந்தத் தொழிலாளர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதினார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் கைதானதும் போராட்டம் சிலாங்கூர் தோட்டங்களில் பரவியது. அவசரநிலை அறிவித்து இராணுவத்தைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிர் விட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர்கள் வந்திறங்க, நாட்டின் பேச்சே மாறிப்போனது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கிள்ளான் போராட்டம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

என் தாத்தாவை எனக்கு நினைவிருக்கிறது. 1980களில் தோட்டத்தை விட்டு வந்து நாங்கள் கிள்ளானில் குடியிருந்த நாட்கள். ஓய்வு பெற்ற பழைய கிராணி ஒருவர் எங்கள் தெரு வழியாகச் சந்தைக்குப் போவார். நல்ல மனிதர், தாத்தாவிடம் அன்பாகப் பேசுவார். அவர் தூரத்தில் வரும்போதே தாத்தா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். "எதுக்கு தாத்தா இறங்குறீங்க?" என்று கேட்டால், "காலு தானா இறங்குதுய்யா" என்பார். சட்டம் போய்விட்டது, தோட்டம் போய்விட்டது. காலில் இருந்தது மட்டும் போகவில்லை.

பிறப்பு எழுதிய வேலை

மூன்றாமவர் டர்க்ஹைம். ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொள்வதால் மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருக்கிறார்கள், அதுதான் நவீன சமுதாயத்தைக் கட்டிப்போடும் கயிறு என்று அவர் 1893இல் எழுதினார். அவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொன்னவராகச் சிலர் நினைக்கிறார்கள். அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். யாருக்கு எந்த வேலை என்பதைத் திறமை முடிவு செய்ய வேண்டும். பிறப்பு முடிவு செய்தால் அது திணிக்கப்பட்ட பிரிவினை. பிறப்பிலேயே பணக்காரரும் ஏழையும் இருக்கும்வரை, அவர்களுக்கு இடையே போடப்படும் எந்த ஒப்பந்தமும் நியாயமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம்.

இதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பள்ளி எழுதப் படிக்கக் கற்றுத் தந்து, ஆரம்பக் கல்வியோடு முடிந்தது. அதற்கு மேல் ஏறும் படி பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் இருந்தது. ரப்பர் மரம் வெட்டியவரின் மகன் ரப்பர் மரத்துக்கே போனான். 1941இல் 'முறையான கல்வி' என்று கேட்டவர்கள் இதைத்தான் கேட்டார்கள்.

ஆக, மூன்று கேள்விகள். உனக்கு என்ன சொந்தம்? உன்னை யார் மதிக்கிறார்கள்? உன் பிள்ளைக்கு வேறு வழி உண்டா? ஒரு குடும்பத்தின் நிலையை அறிய மூன்றும் வேண்டும். மாத வருமானம் முதல் கேள்விக்கே பாதிப் பதில்தான்.

இப்போது இறங்குபவர்கள் யார்?

சம்பளம் சரியானால் மரியாதை தானாக வரும் என்று சிலர் சொல்கிறார்கள். என் அத்தையின் கதை அதற்குப் பதில். மரியாதை கொடுத்தால் போதும், சம்பளம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் முதலாளிகளும் உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு வாடகையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெறும் 'அண்ணே' என்ற அழைப்பு யார் வயிற்றையும் நிரப்பாது என்பது தெரியும். இரண்டும் வேண்டும். 1941இல் அவர்களும் இரண்டையும்தான் கேட்டார்கள்.

நம்மில் பலர் இன்று தோட்டத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். கே.எல். சென்ட்ரலைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறோம். மதியம் பிரிக்பீல்ட்சில் வாழை இலைச் சாப்பாடு. அந்த இலையைப் போடும் இளைஞர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். பெரும்பாலும் முதலாளி கொடுத்த இடத்தில்தான் தங்கியிருப்பார். வேலை போனால் அவருக்கும் கூரை போகும். நம் கொண்டோ வாசலில் நேப்பாளத்திலிருந்து வந்த பாதுகாவலர் நாம் காரை நிறுத்துமுன்பே எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறார். அவர் எழாவிட்டால் கோபப்படும் நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுக்குத் துப்புரவு செய்ய வரும் அக்காவுக்குத் தனிக் குவளை வைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அவரும் தமிழர்தான்.

அன்று சைக்கிளை விட்டு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று நம் எதிரே யார் இறங்குகிறார்கள் என்று நாம்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க அரசாங்கப் புள்ளிவிவரம் தேவையில்லை. அடுத்த முறை வரன் பேசப் போகும்போது, பெண்ணின் தாய் என்ன வேலை செய்தார் என்று கேட்பதில் தவறில்லை. பதிலைக் கேட்ட பிறகு நம் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு நாள் தவறாமல் சரியான சம்பளம் கொடுங்கள். கொடுக்கும்போது உட்காரவும் சொல்லுங்கள். தேநீரை நாம் குடிக்கும் குவளையிலேயே கொடுங்கள்.